பூ வடிக்கும் அண்டாவின் முத்திரையை அகற்றுங்கள்

எங்கள் பட்டறைக்கு முத்திரை வைத்த அதிகாரிகளுக்கும், அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த அதிகாரிகளுக்கும்,

மதுரை செல்லூரில் பூ, வேர், இலைகளிலிருந்து வாசநீரும் எண்ணெயும் வடிக்க நாங்கள் நடத்திவரும் சிறு வடிசாலையின் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க இயலாது என்றும், நகர எல்லைக்கு வெளியே உள்ள ஒரு தொழிற்பேட்டைக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் நீங்கள் அனுப்பிய உத்தரவு என் கைக்கு வந்து சேர்ந்தது. சாராயம் காய்ச்சுகிறோமோ என்ற சந்தேகத்தில் சித்திரைத் தொடக்கத்தில் நீங்கள் சோதனை செய்து, எங்கள் செம்பு அண்டாவின் வாயில் வைத்த அரக்கு முத்திரை, ஆனி பிறந்த பின்னும் அப்படியே இருக்கிறது. அன்று நீங்கள் எடுத்துச்சென்ற மாதிரிகள் எதிலும் சாராயம் இல்லை என்று, நீங்களே அனுப்பிவைத்த ஆய்வகம் வைகாசியில் அறிக்கை கொடுத்துவிட்டது. அறிக்கை வந்த பிறகும் முத்திரை நீடிப்பது ஏன், அதற்கு மேல் இடமாற்ற உத்தரவும் வந்தது ஏன் என்று நேரில் வந்து கேட்டேன், எழுத்திலும் கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. உத்தரவின் எண்ணும் அலுவலகத்தின் பெயரும் உங்கள் கோப்பில் உள்ளன. கையொப்பமிட்டவரை ஊரறியச் செய்வது என் நோக்கமன்று என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமலேயே எடுக்கப்பட்ட ஒரு முடிவை ஏற்றுக்கொண்டு பேசாமல் போக என்னால் முடியாது.

உங்கள் உத்தரவில் எங்கள் தொழிலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: குடியிருப்புப் பகுதியில், இரவு நேரத்தில், காய்ச்சி வடித்தல் நடைபெறுகிறது என்பது அது. இந்த வரியில் பொய் இல்லை. எதைக் காய்ச்சுகிறோம், ஏன் இரவில் செய்கிறோம், ஏன் ஊருக்குள் செய்கிறோம் என்ற மூன்றும் அதில் இல்லை. அந்த மூன்றையும் நான் எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது 120 லிட்டர் கொள்ளும், உள்ளே கலாய் பூசிய ஒரு செம்பு அண்டா. வெண்கலக்கடைத் தெருவில் சொல்லிச் செய்தது. அதில் 20 கிலோ பூவையும் 50 லிட்டர் தண்ணீரையும் இட்டு, மூடியின் விளிம்பைப் பிசைந்த கோதுமை மாவால் அடைத்து, சிறு தீயில் சூடேற்றுகிறோம். பூவின் வாசத்தைச் சுமந்துகொண்டு எழும் நீராவி, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் குழாய் வழியே இறங்கும்போது மீண்டும் நீராகி, மறுமுனையில் துளித்துளியாக விழுகிறது. நான்கு மணி நேரத்தில் 15 லிட்டர் அளவுக்கு வடிநீர் சேரும். அதைத் தாண்டி வடித்தால் வாசம் மெலிந்து அவித்த வாடை ஏறிவிடும் என்பதால் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். சித்த மருத்துவத்தில் இந்தக் கருவிக்கு வாலை என்று பெயர். இதில் இறக்கும் மருந்துகளுக்குத் தீநீர் என்று தனி வகையே உண்டு. வயிறு உப்பிய குழந்தைக்கு ஓமத்தீநீர் வாங்கிக் கொடுக்காத வீடு இந்த ஊரில் எத்தனை இருக்கும்? திருமண வாசலில் செம்பிலிருந்து தெளிக்கும் பன்னீரும் இதே வழியில் வந்ததுதான். இன்று கடையில் விற்கும் பல பன்னீர்ப் புட்டிகளில் ரோஜாவே கிடையாது. செயற்கை வாசனை சேர்த்த தண்ணீர்தான் இருக்கிறது. உண்மையான பூவிலிருந்து வடித்துக் கொடுப்பதற்காகத்தான் இந்தப் பட்டறையைத் தொடங்கினோம்.

மல்லிகை வடிநீர், பன்னீர், வெட்டிவேர் வடிநீரும் எண்ணெயும், எலுமிச்சைப்புல் எண்ணெய், மரிக்கொழுந்து எண்ணெய் ஆகியவைதான் எங்களிடமிருந்து வெளியே போகும் பொருட்கள். ரோஜாவில் ஒரு கிலோ எண்ணெய் எடுக்க மூன்று, நான்கு டன் பூ வேண்டும். எங்கள் அளவுக்கு அது நடவாது என்பதால் பன்னீராகவே கொடுக்கிறோம். வெட்டிவேரை ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் வடிக்க வேண்டும்; 100 கிலோ வேருக்கு ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் அது நல்ல வேர். மல்லிகையின் வாசத்தில் ஒரு பகுதிதான் வடிநீரில் ஏறும்; மிக நுண்மையான கூறுகள் கொதிநீரின் சூட்டைத் தாங்காது. ஆகவே அதன் எண்ணெய்க்கூறை எடுக்கும் பெரிய ஆலைகள் ஹெக்சேன் என்னும் கரைப்பானில் பூவை ஊறவைத்து ‘கான்கிரீட்’ என்று இத்தொழிலில் சொல்லும் மெழுகு போன்ற பொருளாக எடுத்து, பிறகு அதைச் சாராயத்தில் கழுவிப் பிரிக்கின்றன. ஹெக்சேன் எளிதில் தீப்பிடிப்பது. அந்த ஆலைகள் தொழிற்பேட்டையில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. எங்கள் பட்டறையில் ஹெக்சேனும் இல்லை, சாராயமும் இல்லை. பூவும் தண்ணீரும் தீயும் மட்டுமே இருக்கின்றன.

இனி இரவைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் சோதனைக்கு வந்தது இரவு பத்து மணிக்குப் பின். கதவைத் திறந்ததும் உங்களில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, நல்ல தொழில் செய்கிறவர்களுக்கு இந்நேரத்தில் என்ன வேலை என்பதுதான். மதுரையில் பிறந்து வளர்ந்த யாரும் மல்லிகையைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். அப்போது அதில் வாசம் இல்லை. பகல் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருக்கும் மொட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் விரிகிறது. விரிந்த பிறகுதான் வாசத்தை உண்டாக்கி வெளியே விடுகிறது. செடியிலிருந்து பறித்த பின்னும் பல மணி நேரம் வாசத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கும் பூ அது. மறுநாள் காலையில் இதழ் பழுத்து வாசம் கெட்டுவிடும். ஆகவே இரவு எட்டு மணிக்கு முன்பு அண்டாவில் இட்டால் பச்சைக் கீரை வேகிற வாடைதான் வரும்; விடிந்த பிறகு இட்டால் அழுகல் வாடை வரும். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். இதில் எங்கள் விருப்பம் எதுவும் இல்லை. இரவில் வடிக்கக் கூடாது என்று எங்களிடம் சொல்வது, மல்லிகையை வடிக்கவே கூடாது என்று சொல்வதாகும்.

அன்று எங்களோடு வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்களும் பல ஆண்டுகள் பூக்கட்டிப் பிழைத்தவர்கள். முழத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து விரல் தேயக் கட்டியவர்கள், மாதச் சம்பளம் என்பதை முதன்முதலாக எங்கள் பட்டறையில்தான் வாங்கினார்கள். அவர்களைத் தெருவில் நிறுத்தி, அக்கம்பக்கத்தார் பார்த்திருக்க, சாராயம் காய்ச்சியவர்களிடம் கேட்பதைப் போல ஊர், பெயர், தகப்பன் பெயர் கேட்டு எழுதினீர்கள். அவர்களில் மூத்தவரான ஓர் அக்கா அதற்குப் பிறகு ஒரு வாரம் தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. ஆய்வக அறிக்கை வந்த பிறகாவது யாராவது வந்து அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். யாரும் வரவில்லை.

சோதனை செய்ததையே நான் குறை சொல்லவில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இதே போன்ற சாவுகள் நடந்தன. அவற்றுக்குப் பிறகு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஒரு புகார் வந்தால் உடனே வந்து பார்ப்பது உங்கள் கடமை. அண்டாவும் குழாயும் தீயும் ஓரிடத்தில் இருந்தால் சந்தேகம் எழுவதும் இயல்பு. ஆனால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழி எளியதாக இருக்கும்போது அதைச் செய்யாமல் முத்திரையை மட்டும் வைப்பது கடமையாகாது. சாராயம் தானாக உண்டாவதில்லை. வெல்லமோ பழமோ அரிசியோ, ஏதேனும் ஒரு சர்க்கரை அல்லது மாவுப் பொருளை ஈஸ்ட் கொண்டு நாட்கணக்கில் புளிக்கவைத்த ஊறலிலிருந்துதான் அதை வடிக்க முடியும். எங்கள் பட்டறையில் ஊறல் பானை இல்லை, வெல்லம் இல்லை, ஈஸ்ட் இல்லை. காலையில் பறித்த பூ அன்றிரவே அண்டாவுக்குள் போய்விடுகிறது. புளிக்க நேரமே இல்லை. சாராயம் 78 டிகிரிச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். எங்கள் குழாயில் வருவது 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி. சாராயத்தின் வீரியத்தை அளக்கும் மானியை எங்கள் வடிநீரில் மிதக்கவிட்டால் அது நீரின் அளவையே காட்டும். ஒரு நிமிட வேலை. அன்றிரவு அந்த மானியைக் கொண்டுவந்து அளந்து பாருங்கள் என்று நான் கேட்டேன். ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். ஆய்வகமும் பார்த்துவிட்டது.

1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், அதன் 4ஆம் பிரிவில், வடிகலன்களையும் கருவிகளையும் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் கள் இறக்குவதற்கோ, மதுவையோ போதைப்பொருளையோ தயாரிப்பதற்கோ உரிய கருவிகள் என்றுதான் அது வரையறுக்கிறது. வடிகலன் என்னும் பொருளே குற்றம் என்று அது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாட்டரிக்குத் தண்ணீர் வடிக்கும் கடையும், கல்லூரி வேதியியல் கூடமும், சித்த மருந்து செய்யும் நிலையமும் குற்றவாளிகளாகிவிடும். மது தயாரிக்கவில்லை என்று அறிக்கை வந்த நாளிலேயே அந்தப் பிரிவின் கீழ் எங்கள் அண்டாவை அடைத்துவைக்கும் அதிகாரம் முடிந்துவிட்டது என்பதே என் வாதம்.

முத்திரைக்கு ஆதாரம் போன பிறகு, இடமாற்றத்துக்கு மாசு என்னும் காரணத்தை உத்தரவு முன்வைக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வகைப்பாட்டில் சாராய ஆலைகள், மிக அதிக மாசு உண்டாக்கும் தொழில்களுக்கான சிவப்புப் பிரிவில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அதற்கு வலுவான காரணமும் உண்டு. கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து ஒரு லிட்டர் சாராயம் எடுத்தால் 10 லிட்டருக்கு மேல் கழிவுநீர் மிஞ்சுகிறது. கறுத்துப்போன அந்த நீர் ஆற்றிலோ கண்மாயிலோ கலந்தால் தண்ணீரில் உள்ள உயிர்வளியை உறிஞ்சி மீன்களைக் கொன்றுவிடும். அந்தக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய உயிர்வளி லிட்டருக்கு 40,000 மில்லிகிராமுக்கு மேல் போவதுண்டு. எங்கள் அண்டாவில் மிஞ்சுவது வெந்த பூவும், பூ வெந்த தண்ணீரும்தான். இரண்டையும் பீப்பாய்களில் நிரப்பி, பூக் கொண்டுவரும் விவசாயிகளே உரக்குழிக்குத் திரும்ப எடுத்துப்போகிறார்கள். குளிர்விக்கும் தண்ணீர் தொட்டிக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருகிறது. சாக்கடைக்கு நாங்கள் எதையும் விடுவதில்லை. அடுப்பு வணிகச் சிலிண்டரில் எரிகிறது, புகையில்லை. பாய்லர் வெடிக்கும் என்று அண்டை வீட்டார் ஒருவர் அஞ்சியதாக உத்தரவில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அண்டாவின் ஆவிக்கு மறுமுனை திறந்தே இருக்கிறது, அழுத்தம் தேங்குவதில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கும் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் கலங்களைக் கொதிகலன் சட்டமே தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. ஒலியைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். பகலும் இரவும் தறி ஓடும் செல்லூரில், தண்ணீர் சொட்டும் ஓசைக்கு என்ன ஒலி அளவு இருக்க முடியும்? வாசம் வருகிறது என்று ஒருவர் புகார் சொல்லியிருந்தால் அது உண்மை. வருகிறது. மல்லிகை வாசம் அது.

அடுத்தது இடமாற்றம். கப்பலூர்த் தொழிற்பேட்டைக்குப் போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நேரில் என்னிடம் சொன்னீர்கள். அக்கறையோடுதான் சொன்னீர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் பூ வரும் பாதையை நீங்கள் பார்க்கவில்லை. எங்களுக்குப் பூக் கொடுப்பவர்கள் வாடிப்பட்டி, நிலக்கோட்டை, செல்லம்பட்டி வட்டாரத்துச் சிறு விவசாயிகள். ஒருவர் நான்கு கிலோ கொண்டுவருவார், இன்னொருவர் ஏழு கிலோ. அதற்கென்று வண்டி அமர்த்த அவர்களுக்குக் கட்டாது. ஈரச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஏற்றிவிட்டால் ஆரப்பாளையத்தில் இறங்கும். அங்கிருந்து எங்கள் பட்டறைக்குச் சைக்கிளில் வந்துவிடும். அளவு குறையும் நாட்களில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வழியாக, அவர்கள் குழுவைச் சேர்ந்த மற்றொருவரின் பூ தனிப் பையில் வந்து சேரும். பேருந்து நிலையம், மார்க்கெட், பட்டறை ஆகிய மூன்றும் நகருக்குள்ளேயே எட்டும் தூரத்தில் இருப்பதால்தான் இந்தத் தொழில் நடக்கிறது. திருமங்கலம் சாலையில் உள்ள தொழிற்பேட்டைக்கு மாலை நெரிசலில் நகரைக் கடந்து அந்த நான்கு கிலோவையும் ஏழு கிலோவையும் யார், எந்தச் செலவில் கொண்டுவந்து சேர்ப்பது? சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்து, மொட்டு பாதி விரிந்து பைக்குள்ளேயே புழுங்கிவிடும். நள்ளிரவுக்கு மேல் வேலை முடித்து, இப்போது தெருவைக் கடந்து வீட்டுக்கு நடந்துபோகும் பெண்கள், அங்கிருந்து எப்படித் திரும்புவார்கள்? தொழிற்பேட்டைகளில் மனை எடுப்பதும் கொட்டகை போடுவதும் ஒற்றை அண்டா வைத்திருப்பவரின் கைக்கு எட்டுவதில்லை. நூறு அண்டா வைத்திருப்பவருக்கு எழுதிய விதியை ஓர் அண்டாவுக்கும் பொருத்துகிறீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது அந்த விவசாயிகளின் நிலைமை. மல்லிகைக்கு மொட்டுப்புழுவும் செஞ்சிலந்தியும் பெரிய எதிரிகள். புழு ஒரு மொட்டைக் குடைந்துவிட்டு அடுத்ததற்குப் போகும்; மொட்டு ஊதா நிறமாகிக் கொட்டிவிடும். அதனால் பெரும்பாலான தோட்டங்களில் பருவம் முழுவதும் அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். பெண்கள் தலையில் வைக்கும் பூ அது. குழந்தைகள் முகர்ந்து பார்க்கும் பூ. சாமிக்குச் சாத்தும் பூ. இந்தத் தோட்டக்காரர்கள் மருந்தை நிறுத்தினார்கள். வேப்பெண்ணெய்க் கரைசல், பஞ்சகவ்யம், கார்த்திகையில் ஒழுங்கான கவாத்து, உதிர்ந்த மொட்டைப் பொறுக்கி அழித்தல் என்று உடலுழைப்பால் புழுவைக் கட்டுப்படுத்தினார்கள். தங்கச்சிமடத்திலிருந்து பதியன் வாங்கிவந்து புதிதாக நட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். இயற்கை வேளாண்மைச் சான்று பெற, மல்லிகை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மாற்றக் காலமே மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டும் விளைச்சல் குறையும், விலை கூடாது. மார்க்கெட்டில் ஏலம் போடும்போது மருந்தடித்த பூவும் அடிக்காத பூவும் ஒரே குவியலில்தான் விழும். ஒரே விலைதான். தை மாதத்தில் பனியில் பூ அருகி, கிலோ 3,000 ரூபாயைத் தாண்டும் நாட்களில் அது உறைக்காது. ஆனால் அப்போது செடியில் பூவே இருக்காது. சித்திரை, வைகாசியில் செடி கொள்ளாமல் பூத்து விலை 200 ரூபாய்க்குக் கீழே இறங்கும்போது, பறிகூலிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் போக மிச்சம் என்ன நிற்கும் என்று ஒரு பூந்தோட்டக்காரரைக் கேட்டுப்பாருங்கள். அந்த மலிவு மாதங்களில், மருந்தடிக்காத பூ என்று தனியாக மதித்து, மார்க்கெட் விலைக்கு மேல் நிலையான ஒரு விலை வைத்து வாங்கியது எங்கள் பட்டறை. எங்களுக்கும் அந்தப் பூவே வேண்டும். தெளித்த மருந்து வடிநீரில் ஏறுமோ என்ற ஐயத்தோடு ஒரு தாயின் முகத்தில் தெளிக்கும் நீரைப் புட்டியில் அடைக்க எங்களுக்கு மனமில்லை.

நீங்கள் முத்திரை வைத்தது சரியாக அந்த மாதங்களில். முதல் வாரம் பூவோடு வந்தவர்கள் கதவில் தொங்கிய தாளைப் படித்துவிட்டு அதே பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போது ஏலம் முடிந்திருந்தது. இப்போது அவர்களில் இருவர் மறுபடியும் மருந்தடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு முறை அடித்துவிட்டால் சான்றுக்கான காலம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். உங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசையில் கிடந்த காலத்துக்குள், ஒரு தோட்டக்காரரின் மூன்று ஆண்டு உழைப்பு அழிந்துபோயிருக்கிறது.

2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த ஊரே கொண்டாடியது. 2023இல் தமிழ்நாடு அரசு இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. குறியீட்டால் பூவுக்குப் பெயர் கிடைக்கிறது. கொள்கையால் விவசாயிக்கு ஊக்கம் கிடைக்கிறது. மலிவான நாளில் அந்தப் பூவை விலை கொடுத்து வாங்கி, கெடாத பொருளாக மாற்றி வைக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் தெருக்களுக்குள்ளேயே செம்பு வடிகலன்கள் எரிகின்றன. அந்த ஊரின் அத்தருக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அதைக் காத்துவருவதில் தலைமுறைகளாக வடித்துவரும் சிறு குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. உலகமே பெயர் சொல்லும் ஒரு பூ நம் ஊரைச் சுற்றி விளைகிறது. அதை வடிக்க ஊருக்குள் ஓர் அண்டாவுக்கு இடமில்லை என்று சொல்வது எந்தக் கொள்கைக்கும் பொருந்தாது.

ஆகவே நான் கேட்பவை இவை. ஆய்வக அறிக்கையின் அடிப்படையில் எங்கள் அண்டாவின் முத்திரையை இந்த வாரத்திலேயே அகற்றுங்கள்; அகற்ற முடியாது என்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள். உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த உத்தரவை நிறுத்திவைத்து, மறுபரிசீலனைக்கு முன்பு ஒரு மாலை ஏழு மணிக்கு வந்து, பூ விரிவதிலிருந்து அண்டா இறங்கும் வரை இருந்து பாருங்கள். உங்களோடு மாசுக் கட்டுப்பாட்டுப் பொறியாளரும் தீயணைப்பு அலுவலரும் வரட்டும். அவர்கள் சொல்லும் பாதுகாப்பு ஏற்பாடு எதுவானாலும், அதற்கு நியாயமான அவகாசம் கொடுத்தால், செய்து தருகிறோம். எங்கள் கழிவுத் தண்ணீரின் மாதிரியையும் எடுத்துச் சோதித்து, அதன் அளவுகளைக் கோப்பில் சேர்த்த பிறகு மாசைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

எங்களுக்கு மட்டுமான விலக்காக இது முடிந்துவிடக் கூடாது. புளிக்கவைத்தல் இல்லாமல், கரைப்பான் இல்லாமல், நீராவியால் மட்டும் பூ, வேர், இலைகளை வடிக்கும் சிறு பட்டறைகளுக்கு, அண்டாவின் கொள்ளளவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, ஊருக்குள்ளேயே, இரவு வேலைக்கும் சேர்த்து அனுமதி தரும் தனி வழிமுறையை உருவாக்கும்படி அரசுக்குப் பரிந்துரை அனுப்புங்கள். மது வடிக்கப்படுகிறதா என்ற கண்காணிப்புக்கு நாங்கள் எதிரானவர்கள் அல்லர். முன்னறிவிப்பின்றி எந்த நேரமும் வந்து மானி வைத்து அளக்கும் உரிமையை அந்த வழிமுறையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய பூ எவ்வளவு, வடித்த நீர் எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று தேதிவாரியாக நாங்கள் எழுதிவைக்கும் பேரேட்டை உங்களிடம் ஒப்படைக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

அந்த நான்கு பெண்களின் பெயர்களையும் சோதனைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் மீது எந்தக் குற்றமும் நிலுவையில் இல்லை என்று ஆளுக்கொரு கடிதம் கொடுங்கள். அதை உங்கள் அலுவலர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து, பகலில், அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். மருந்தடிக்காமல் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கும் விவசாயிகள் ஆடி பிறப்பதற்குள் பதிலை எதிர்பார்க்கிறார்கள். அதற்குள் உங்கள் பதில் எழுத்தில் வர வேண்டும்.

இப்படிக்கு,
செல்லூர் பூ வடிசாலையை நடத்திவரும் ஒருத்தி,
மதுரை